பெர்லினிலிருந்து அழைப்பு: கட்டணம் கட்டலாமா, வரவேற்புக்குப் போகலாமா?

கேள்வி

சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பின் முழுநேரமாக ஓவியம் தீட்டுகிறேன். பழைய பருத்திச் சேலைத் துணியைக் கேன்வாஸில் ஒட்டி, அதன்மேல் மஞ்சள், குங்குமம், அரிசிமாவு, அக்ரிலிக் வண்ணம் ஆகியவற்றால் புள்ளிக்கோலம் வரைந்து, மஞ்சாடி விதைகளைப் பதிப்பது என் முறை. இங்கே சில குழுக் கண்காட்சிகளில் பங்கேற்றிருக்கிறேன். ஒரு படைப்பு சராசரியாக 2,000 வெள்ளிக்கு விலைபோகிறது. இன்ஸ்டகிராமில் என் படைப்புகளைப் பார்த்த பெர்லின் கலைக்கூடம் ஒன்று, வரும் மே மாதம் ஆறு கலைஞர்களைக் கொண்டு நடத்தும் கண்காட்சிக்கு என்னிடம் ஐந்து படைப்புகள் கேட்டுள்ளது. பங்கேற்புக் கட்டணம் 1,800 யூரோ; விற்பனையில் அவர்களுக்கு 30 விழுக்காடு. தொடக்க நாள் மாலை வரவேற்புக்கு நான் நேரில் வர வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார்கள். ஓவியம் போனால் போதாதா, நீ எதற்கு என்று கணவர் கேட்கிறார். நான் சைவம், மது அருந்துவதில்லை, அறிமுகமில்லாதவர்கள் நடுவே எனக்குப் பேச்சு எழாது. பணம் கட்டலாமா? ஓவியங்களைப் பயணப்பெட்டியில் நானே கொண்டுபோகலாமா? வரவேற்பில் எப்படி நடந்துகொள்வது, சேலை கட்டலாமா? மகளையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த படங்களைப் பார்த்தேன். அவை பெர்லினில் மட்டுமன்றி எந்த ஊரிலும் தொங்கத் தகுதியுள்ளவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனவே, படைப்பு போதுமா என்ற ஐயத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். இப்போது அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனைப்படி இந்த அழைப்பை ஏற்க வேண்டாம். நிபந்தனை மாறினால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டால் அவசியம் நேரில் போங்கள். இதுவே என் ஆலோசனை. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து பணமெடுத்து இத்தகைய அழைப்புகளுக்குக் கொடுத்துவிட்டு, சுவரில் தொங்கிய படத்தின் புகைப்படத்தைத் தவிர வேறெதுவும் கைக்கு வராமல் திரும்பிய கலைஞர்களை என் தொழிலில் அறிவேன். அவர்களுள் நீங்களும் ஒருவராகிவிடக் கூடாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1,800 யூரோ என்பது இன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 2,700 வெள்ளி. ஆறு கலைஞர்களிடமும் இதே தொகையை வாங்கினால், ஒரு படம்கூட விற்காமலே அந்தக் கலைக்கூடத்துக்கு 10,800 யூரோ கிடைத்துவிடுகிறது. உங்கள் ஐந்து படைப்புகளும் 2,000 வெள்ளி வீதம் விற்றுவிட்டால் மொத்தம் 10,000 வெள்ளி. அதில் அவர்களுடைய 30 விழுக்காடும் கட்டணமும் போக உங்களுக்கு மிஞ்சுவது 4,300 வெள்ளி. இரண்டு மட்டும் விற்றால் மிஞ்சுவது வெறும் 100 வெள்ளி. எதுவுமே விற்காவிட்டால் 2,700 வெள்ளி உங்கள் இழப்பு. பயணச் செலவும் சரக்குச் செலவும் அதன் மேல். மாறாக, கட்டணமே இல்லாமல் விற்பனையில் பாதியை அவர்களுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் விற்றால் 5,000 வெள்ளி, இரண்டு விற்றால் 2,000 வெள்ளி, எதுவும் விற்காவிட்டால் இந்த வகையில் உங்களுக்கு இழப்பில்லை. எல்லாப் படைப்புகளும் விற்றுவிடும் மிகச் சிறந்த நிலையிலும் 50 விழுக்காடு கொடுப்பதே உங்களுக்கு இலாபம்.

ஆகவே அவர்களுக்கு மரியாதையான மின்னஞ்சல் ஒன்று எழுதுங்கள். பங்கேற்புக் கட்டணம் செலுத்துவது உங்கள் வழக்கமில்லை என்றும், அதற்கு ஈடாக விற்பனையில் 50 விழுக்காடு தருவதற்கு ஆயத்தமாக இருப்பதாகவும் அதில் தெரிவியுங்கள். ஐரோப்பாவிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, விற்பனையை நம்பி நடக்கும் கலைக்கூடங்கள் பாதிக்குப் பாதி என்ற பங்கீட்டைத்தான் பெரும்பாலும் கடைப்பிடிக்கின்றன. எனவே நீங்கள் கேட்பதில் குறையொன்றும் இல்லை. உங்கள் படத்தை விற்க முடியும் என்று நம்புகிற கலைக்கூடத்துக்கு இது நல்ல பேரமாகவே தோன்றும். மறுத்துவிட்டால், அவர்களுடைய வருமானம் வாங்குவோரிடமிருந்து வராமல் கலைஞர்களிடமிருந்து வருகிறது என்று பொருள்; அங்கே விற்பனைக்காக உழைக்க வேண்டிய தேவை யாருக்கும் இராது. கட்டணம் வாங்கும் எல்லா இடங்களையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. கலைஞர்களே சேர்ந்து வாடகையைப் பகிர்ந்துகொண்டு நடத்தும் இடங்கள் பெர்லினில் நிறைய உண்டு. அங்கே செலவுக் கணக்கு எல்லாருக்கும் தெரியும், உங்கள் பங்கு எதற்குப் போகிறது என்பதும் தெரியும். உங்களுக்கு வந்துள்ள கடிதத்தில் அத்தகைய கணக்கு எதுவும் இல்லை; ‘கையேடும் விளம்பரமும்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள்.

அதே மின்னஞ்சலில், கடந்த இரண்டு ஆண்டுகளில் அங்கே படைப்புகளை வைத்த வெளிநாட்டுக் கலைஞர்கள் யாரேனும் இருவருடைய தொடர்பைக் கேளுங்கள். நல்ல கலைக்கூடம் தயங்காமல் கொடுக்கும். அந்தக் கலைஞர்களிடம், விற்ற பணம் எத்தனை நாளில் வந்தது, விற்காத படம் எந்த நிலையில் திரும்பியது என்ற இரண்டை மட்டும் கேட்டாலே போதும். விழா எப்படி இருந்தது என்று கேட்க வேண்டாம். விழா எங்குமே நன்றாகத்தான் இருக்கும்.

நிபந்தனை மாறி அவர்கள் ஒப்புக்கொண்டால், அடுத்தது எழுத்து ஒப்பந்தம். மின்னஞ்சல் உரையாடலை ஒப்பந்தமாகக் கொள்ளாதீர்கள். ஒவ்வொரு படைப்பின் தலைப்பு, அளவு, ஆண்டு, பொருள்கள், விற்பனை விலை ஆகியவை பட்டியலாக இருக்க வேண்டும். முழுப் பணமும் உங்களுக்கு வந்து சேரும்வரை படைப்பின் உரிமை உங்களுடையதே என்ற வரியும், வாங்கியவர் பணம் செலுத்தியதிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் பங்கை அனுப்ப வேண்டும் என்ற வரியும் தவறாமல் இருக்கட்டும். தள்ளுபடி பற்றியும் எழுதச் சொல்லுங்கள். பழகிய சேகரிப்பாளருக்குக் கலைக்கூடங்கள் 10 விழுக்காடு குறைப்பது வழக்கம். அந்தக் குறைப்பு இருவர் பங்கிலிருந்தும் போகிறதா, உங்கள் பங்கிலிருந்து மட்டுமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் பிறகு மனத்தாங்கல் வரும். காப்புறுதி, படைப்பு உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கும் நேரம் தொடங்கித் திரும்பவும் வந்து மாட்டும் நேரம்வரை இடைவெளியின்றி இருக்க வேண்டும். கலைக்கூடத்துக்குள் இருக்கும் நாள்களுக்கு மட்டும் காப்புறுதி எடுப்பது பரவலான பழக்கம். சேதமோ பெரும்பாலும் போக்குவரத்தில்தான் நேர்கிறது. விற்காத படைப்புகளை எந்தத் தேதிக்குள், யார் செலவில் திருப்பி அனுப்புவது என்பதும் எழுத்தில் வேண்டும். காப்புரிமையை எந்த வடிவத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கையேட்டிலும் விளம்பரத்திலும் படத்தை வெளியிட அனுமதி கொடுத்தால் போதும்.

விலையைப் பொறுத்தவரை, ஐரோப்பா என்பதற்காக உயர்த்த வேண்டாம். இங்கே 2,000 வெள்ளிக்கு விற்கும் படைப்பை அங்கே இரு மடங்காக்கினால், இணையத்தில் தேடிப் பார்க்கும் வாங்குபவர் அதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார். இங்கே உங்களிடம் வாங்கியவரும் குழம்புவார். வரியை மட்டும் தனியாகக் கணக்கில் கொள்ளுங்கள். ஜெர்மனியில் 2025 ஜனவரி 1 முதல், கலைக்கூடங்கள் விற்கும் ஓவியங்களுக்கான மதிப்புக்கூட்டு வரி 19 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. சுவரில் காட்டும் விலை அந்த வரி உட்பட்டதா, இல்லையா என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பயணப்பெட்டியில் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விமானத்தில் வரும் பயணி 430 யூரோ வரையிலான பொருள்களை வரியின்றிக் கொண்டுவரலாம் என்ற ஐரோப்பிய ஒன்றியச் சலுகை சொந்தப் பயனுக்கான பொருள்களுக்கே பொருந்தும். விற்பனைக்குக் கொண்டுபோகும் ஓவியத்துக்குப் பொருந்தாது. சுங்கத்தில் அறிவிக்காமல் கொண்டுபோய் அங்கே விற்றுவிட்டால், கலைக்கூடத்தால் முறையான விலைச்சீட்டுப் போட முடியாது. வாங்கியவரிடமும் அந்தப் படைப்பு சட்டப்படி நாட்டுக்குள் வந்ததற்கான ஆதாரம் இருக்காது. உங்கள் படைப்பின் வரலாற்றில் முதல் தாளே குறையுள்ளதாகிவிடும்.

முறையான வழிகள் இரண்டு. ஒன்று, ‘ஏடிஏ கார்னே’ எனப்படும் தற்காலிக ஏற்றுமதி ஆவணம். சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக சபை வழங்கும் இந்த ஆவணம் ஓராண்டு வரை செல்லும். பிணைத்தொகை கட்டி இதைப் பெற்றால், கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் பொருளுக்கு அங்கே வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் போன பொருள்கள் அனைத்தும் திரும்பி வர வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஏதேனும் விற்றால் அதற்குத் தனியாக இறக்குமதி நடைமுறையை முடித்து வரி கட்டியாக வேண்டும், இல்லையெனில் பிணைத்தொகைக்கு ஆபத்து. விற்பனையை எதிர்பார்த்து அனுப்பும் உங்களுக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்று கருதுகிறேன். அதாவது, கலைக்கூடமே தன் பெயரில் இறக்குமதி செய்துகொள்வது. கையால் தீட்டிய ஓவியங்களும் துணி ஒட்டிய படைப்புகளும் சுங்க வகைப்பாட்டில் 9701 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. அவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்கத் தீர்வை இல்லை, ஜெர்மனியில் 7 விழுக்காடு இறக்குமதி வரி மட்டும் உண்டு. ஆவணத்தில் ‘துணிப் பொருள்’ என்றோ ‘அலங்காரப் பொருள்’ என்றோ எழுதிவிட்டால் வேறு தீர்வை விழும். எனவே சரக்கு நிறுவனத்திடம் இந்த எண்ணை நீங்களே குறித்துக் கொடுங்கள். விற்காதவை திரும்பும்போது, இங்கிருந்து போன அதே படைப்புகள்தாம் என்று காட்டினால் சிங்கப்பூரின் 9 விழுக்காடு பொருள் சேவை வரியிலிருந்து நிவாரணம் கேட்கலாம். அதற்காக ஏற்றுமதி அனுமதிச் சீட்டையும், ஒவ்வொரு படைப்பின் முன்புறம், பின்புறம், கையெழுத்து ஆகியவற்றின் படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் படைப்புகளில் உள்ள பொருள்களைப் பற்றிச் சற்று நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது. இதைக் கலைக்கூடமும் கேட்டிருக்காது. நீங்களும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். மஞ்சளின் நிறம் ஒளியில் நிலைப்பதில்லை. இயற்கைச் சாயங்களில் மிக விரைவாக வெளிறுவனவற்றுள் அதுவும் ஒன்று. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து மரபுப்படி செய்த குங்குமமும் அப்படியே. காரத்தன்மையால் வந்த அந்தச் சிவப்பு, ஒட்டும் பசையின் தன்மைக்கேற்ப மாறவும் கூடும். கடையில் கிடைக்கும் குங்குமத்தில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்பது பொட்டலத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. மே மாதத்தில் பெர்லினில் இரவு எட்டு மணிக்கும் மேல் பகல் வெளிச்சம் இருக்கும். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்த கலைக்கூடமானால் ஒரு மாதக் கண்காட்சியிலேயே வேறுபாடு தெரியலாம். ஒளியில் வெளிறக்கூடிய படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சத்தையே அனுமதிக்கின்றன. ஆகவே சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம் என்றும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கண்ணாடி வேண்டும் என்றும் இப்போதே எழுதுங்கள். வாங்குபவருக்கும் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மஞ்சள் மெல்ல மெல்ல வெளிறும் என்பதைப் படைப்பின் இயல்பாக நீங்களே எடுத்துச் சொன்னால் மதிப்புடன் கேட்டுக்கொள்வார்கள்; மூன்றாண்டு கழித்து அவர்களாகவே கண்டுபிடித்தால் உங்கள் பெயர் கெடும். இனிமேல் செய்யும் படைப்புகளில், மஞ்சளைக் கீழ்ப்பூச்சாக வைத்து, நிலைக்கும் நிறமிகளை மேலே பயன்படுத்திச் சோதித்துப் பார்க்கலாம்.

மஞ்சாடி விதை முளைக்கும் திறனுடையது. அதை எடுத்துக்கொண்டு வேறு நாட்டுக்குள் நுழையும்போது தாவர நலச் சான்றிதழ் கேட்க இடமுண்டு. சிங்கப்பூரில் அதை வழங்குவது தேசியப் பூங்காக் கழகம். பதித்த விதைகளுக்கு அது தேவையா என்பதை அனுப்புவதற்கு இரண்டு மாதம் முன்னரே சரக்கு நிறுவனத்தின் மூலம் ஜெர்மன் தரப்பில் எழுத்தாகக் கேட்டுப் பெறுங்கள். பின்னாளில் ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தால் இந்தக் கேள்வி இன்னும் கடுமையாகும். விதை, வைக்கோல், காய்ந்த இலை எதையும் அங்கே அறிவிக்காமல் கொண்டுபோகவே முடியாது. அரிசிமாவு பூச்சிகளுக்கு உணவு என்பதால், அதன்மேல் பாதுகாப்புப் பூச்சு முழுமையாக இருக்கிறதா என்று பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொரு படைப்பையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

கேன்வாஸை உருட்டிக் குழாயில் அனுப்புவது உங்களுக்குப் பொருந்தாது. குளிரில் அக்ரிலிக் பூச்சு விறைத்துவிடும், விதை பதித்த இடங்களில் விரிசல் விழும். சட்டத்தில் இழுத்துக் கட்டியபடியே மரப்பெட்டியில் போகட்டும். பெட்டியின் மரம் 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டு, அதற்கான அனைத்துலக முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியை நுழைவாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். பெட்டி போய்ச் சேர்ந்ததும் உடனே திறக்காமல் 24 மணி நேரம் அந்த அறையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வளர்ந்த துணியும் மரச்சட்டமும் உலர்ந்த காற்றுக்குப் பழக அந்த நேரம் தேவை.

செலவுக்குத் தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் படைப்பைக் காட்சிக்கு வைப்பதற்கு ஆதரவு தரும் திட்டம் அங்கே உண்டு. பயணத்துக்கு வெகு முன்னரே, அழைப்புக் கடிதத்தையும் செலவுத் திட்டத்தையும் இணைத்து விண்ணப்பியுங்கள். போய் வந்த பின் கேட்பதில் பயனில்லை. அழைத்தவர் யார், அங்கே படைப்பை வைப்பதால் உங்கள் வளர்ச்சிக்கு என்ன பயன் என்பதை விளக்க வேண்டியிருக்கும் என்பதால், கலைக்கூடத்தைப் பற்றி நீங்கள் விசாரித்துத் திரட்டும் விவரங்கள் இங்கேயும் கைகொடுக்கும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு இருந்தால் ஜெர்மனிக்கு விசா தேவையில்லை. 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம்.

இனி உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. ஓவியம் மட்டும் போனாலும் விற்கக்கூடும். ஆனால் குழுக் கண்காட்சியில் ஆறு பேர் படைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது, எந்தக் கலைஞர் அங்கே நின்று பதில் சொல்கிறாரோ அவருடைய சுவரின் முன்தான் மக்கள் நேரம் செலவழிக்கிறார்கள். உங்கள் படைப்பு முதற்பார்வைக்கு அழகான வடிவமாகத் தெரியும். அது எந்தச் சேலை, யார் கட்டியது, புள்ளியை எண்ணாமல் அந்தக் கோடு ஏன் முடிவதில்லை என்பனவற்றைச் சொல்ல உங்களால்தான் முடியும். கலைக்கூடத்தின் உதவியாளர் படித்துக்காட்டும் குறிப்பால் அது நடக்காது. தவிர, ஒரு கண்காட்சிக்குப் பிறகு என்ன தொடர்கிறது என்பதுதான் முக்கியம். அடுத்த அழைப்பு, அருங்காட்சியகக் கண்காட்சிப் பொறுப்பாளர் ஒருவரின் பார்வை, பட்டறைக்குத் தங்க வரச் சொல்லும் ஓர் அமைப்பு ஆகியவையெல்லாம் நேரில் முகம் பார்த்துப் பேசியவர்களிடமிருந்தே பெரும்பாலும் வருகின்றன. இதைக் கணவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கட்டணம் இல்லாத ஒப்பந்தத்தையும் காட்டுங்கள். அவருடைய கவலை பணத்தைப் பற்றியதாக இருந்தால் அது பாதி குறையும்.

வரவேற்பு நாளன்று போய் இறங்கும்படி பயணச்சீட்டு எடுக்காதீர்கள். குறைந்தது இரண்டு நாள் முன்னதாகச் சேருங்கள். சரக்குத் தாமதமானால் நேரில் நிற்பவருக்குத்தான் ஏதேனும் செய்ய முடியும். 2022ஆம் ஆண்டு கொச்சி–முசிரிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியின் பொறுப்பாளராக இருந்தவர் நம் சிங்கப்பூர்க் கலைஞர் ஷுபிகி ராவ். டிசம்பர் 12 அன்று தொடங்க வேண்டிய அந்தக் கண்காட்சி டிசம்பர் 23க்குத் தள்ளிப்போயிற்று. படைப்புகள் வந்து சேர்வதில் ஏற்பட்ட தாமதமும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. பெரிய நிகழ்ச்சிக்கே அப்படியென்றால் சிறிய கலைக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. படங்களை மாட்டும்போது உடனிருந்து, கோலத்தின் மேல்பக்கம் எது என்பதைக் காட்டுங்கள். சமச்சீரான வடிவங்களைத் தலைகீழாக மாட்டிவிடுவது நடக்கக்கூடியதே.

படைப்பின் அருகே வைக்கும் பெயர் அட்டையை அப்போதே சரிபாருங்கள். நம் பெயர்களில் தந்தை பெயர் சேர்ந்து வருவதும், கடவுச்சீட்டில் ‘இன்னாரின் மகள்’ என்ற வடிவில் இருப்பதும் அங்கே யாருக்கும் விளங்காது. கடைசியில் வரும் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு உங்கள் தந்தையின் பெயரால் உங்களை அழைப்பார்கள், அதையே அட்டையிலும் அச்சிடுவார்கள். கலைஞராக எந்தப் பெயரில் அறியப்பட விரும்புகிறீர்களோ அதை ஒப்பந்தம், அட்டை, கையேடு, இணையத்தளம் அனைத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கணக்குக்கான பெயரை மட்டும் கடவுச்சீட்டில் உள்ளபடி தனியாகக் கொடுங்கள்.

வரவேற்பு என்றதும் பெரிய விருந்தாக எண்ணிப் பயப்பட வேண்டாம். பெர்லினில் இது பொதுவாக வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி அளவில் தொடங்கி ஒன்பது மணி வரை நடக்கும். வருவோர் நின்றபடியே பேசிவிட்டு அடுத்த கலைக்கூடத்துக்குப் போவார்கள். வைன் இருக்கும், தண்ணீரும் பழச்சாறும் இருக்கும். குடிக்காததற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கையில் ஒரு குவளைத் தண்ணீர் இருந்தால் போதும். சாப்பாட்டை எதிர்பார்க்காமல் ஐந்து மணிக்கே உண்டுவிட்டுப் போங்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு கலைஞர்களை உணவுக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால், சைவம் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அந்த நகரத்தில் சைவ உணவு எளிதில் கிடைக்கும். அந்த உணவுக்கு அவசியம் போங்கள். களைப்பாக இருந்தாலும் போங்கள். வரவேற்பில் இரண்டு நிமிடம் பேசியவர்கள் அங்கேதான் இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

சேலை விஷயத்தில் என் கருத்து எளிமையானது. சிங்கப்பூரில் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு நீங்கள் இயல்பாகச் சேலை கட்டுபவரானால் அங்கேயும் கட்டுங்கள். வேறு உடை அணிபவரானால் அதை அணியுங்கள். படைப்பில் சேலை இருக்கிறதே என்பதற்காகக் கட்டிக்கொண்டு நின்றால், உங்களையும் காட்சிப் பொருளாகவே பார்க்கத் தொடங்குவார்கள். மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருப்பதால் காலணி மட்டும் பழகியதாக இருக்கட்டும். மே மாத மாலையிலும் குளிரும். ஒரு மேலங்கி தேவைப்படும்.

பேச்சு எழாது என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்திய உங்களுக்குப் பேசத் தெரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். பொதுவாக உரையாடுவதுதான் உங்களுக்குக் கடினம். அது அங்கே தேவையில்லை. கைகுலுக்கி உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பிறகு அவர் எந்தப் படைப்பின் முன் நிற்கிறாரோ அதைப் பற்றி மட்டும் மூன்று வாக்கியம் பேசுங்கள். ஐந்து படைப்புகளுக்கும் மூன்று மூன்று வாக்கியங்களை இங்கேயே ஆங்கிலத்தில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம் எப்படிச் செய்தது என்பதாக இருக்கட்டும். இது எந்தச் சமயச் சின்னம், இந்தியாவில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அதில் வருந்த வேண்டாம். கோலத்தின் நீண்ட வரலாற்றைச் சொல்லவும் முனைய வேண்டாம். ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் காலணி அடுக்குக்கும் உங்கள் வாசலுக்கும் இடையில் உள்ள அந்தச் சிறிய இடத்தில் கோலம் போடுவதைப் பற்றி நீங்கள் உங்கள் குறிப்பில் எழுதியிருந்தீர்களே, அதைச் சொல்லுங்கள். அது உங்களுடையது, சிங்கப்பூருடையது. வேறு யாரும் பெர்லினில் சொல்ல முடியாதது. 2017இல் சிங்கப்பூர்க் கலைஞர் பிரியகீதா தியா ஒரு வீவகக் கட்டடத்தின் படிக்கட்டில் தங்க நிறத் தாளை ஒட்டியபோது எழுந்த விவாதம், அந்தப் பொது இடம் எத்தனை கூரிய கேள்விகளை எழுப்பக்கூடியது என்பதைக் காட்டியது.

உங்களுக்கு முன் இந்தப் பொருள்களைக் கையாண்டவர்களையும் தெரிந்துவைத்திருங்கள். மஞ்சாடி விதையை நம் ஊரில் சிற்பமாகக் கொண்டுவந்தவர் குமாரி நாகப்பன். சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் அவருடைய பெரிய வெண்கல விதையைப் பார்த்திருப்பீர்கள். 1988இல் சிங்கப்பூர் கோதே நிறுவனத்தில் ‘திரிமூர்த்தி’ கண்காட்சியை நடத்திய மூவருள் எஸ். சந்திரசேகரன் ஒருவர், சமய, பண்பாட்டு வேர்களிலிருந்து தற்காலக் கலையைச் செய்ய முடியும் என்பதை அந்த மூவரும் இங்கே நிறுவினார்கள். அது ஜெர்மன் பண்பாட்டு நிறுவனத்தில் நடந்தது என்பதால் பெர்லினில் பேச நல்ல தொடக்கமாகவும் அமையும். முன்னோடிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கலைஞரைக் கண்காட்சிப் பொறுப்பாளர்கள் மறப்பதில்லை.

யாராவது விலை கேட்டால், புன்னகையுடன் கலைக்கூட உரிமையாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்; குறைத்துத் தருவதாக நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு தனியாகத் தொடர்புகொள்கிறேன், கலைக்கூடம் வேண்டாம் என்று சொல்பவருக்கு இணங்கவே கூடாது. அந்தக் கண்காட்சியில் அறிமுகமானவருக்கு விற்பது அவர்கள் மூலமே நடக்க வேண்டும் என்பதுதான் நேர்மை. எத்தனை மாதத்துக்கு அப்படி என்பதை ஒப்பந்தத்தில் வரையறுத்துக்கொள்ளலாம்.

மகளை அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு வேலை இருக்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, யார் எந்தப் படைப்பின் முன் நின்றார், என்ன கேட்டார், பெயர் அட்டை கொடுத்தாரா என்பதை அவர் குறித்துக்கொள்ளட்டும். ஜெர்மனியில் அனுமதியின்றிப் படம் எடுப்பதைப் பலர் விரும்புவதில்லை. பார்வையாளர் முகம் தெரியும் படமானால் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் சனிக்கிழமை, சுற்றிப் பார்க்கப் போய்விடாமல் பிற்பகல் முழுவதும் கலைக்கூடத்திலேயே இருங்கள். கூட்டத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த நாள் அமைதியாகத் திரும்பி வருபவர்தான் பெரும்பாலும் வாங்குபவர். ஞாயிறும் திங்களும் அங்கே கலைக்கூடங்கள் பொதுவாக மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஹம்போல்ட் ஃபோரமில் உள்ள ஆசியக் கலைத் தொகுப்பையும் ஹம்பர்கர் பான்ஹோஃப் அருங்காட்சியகத்தையும் இருவரும் பார்த்து வாருங்கள். ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள், மகள் குறித்த பெயர்கள் ஒவ்வொருவருக்கும், அவர் கேட்ட கேள்வியைக் குறிப்பிட்டுத் தனித்தனியே நான்கு வரி எழுதுங்கள். அனைவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள்.

கலைக்கூடத்துக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள். மே மாதக் கண்காட்சிக்கு மானிய விண்ணப்பம், மரப்பெட்டி, விதைக்கான சான்றிதழ் மூன்றுக்கும் சேர்த்துப் பார்த்தால் நாள் அதிகமில்லை. அவர்களிடமிருந்து ஒப்பந்த வரைவு வந்தால், கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்புங்கள். வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.